செவர்லே கூடாரத்தில் ஒரு ஃபோர்டு வீட்டுப் பெண்

சான் எலாதியோ ஊரில் ஒருவர் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பார் என்பது ரகசியமாக இருக்கலாம். கார்ப் பந்தயத்தில் அவர் ஃபோர்டா செவர்லேயா என்பது ரகசியமாக இருக்க முடியாது. அது குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு முன்பே முடிவாகிவிடும். எச்செகோயென் குடும்பம் ஃபோர்டு. குடும்பத் தலைவர் அன்செல்மோ ஆயுள் முழுவதும் ரொட்டிக் கடை நடத்தி ஓய்வுபெற்றவர். காரின் பானட்டைத் திறந்து எண்ணெய் பார்க்கக்கூட அவருக்குத் தெரியாது. ஆயினும் பந்தய ஞாயிறுகளில் ஃபோர்டின் நீலக் கொடியோடு தடத்தோர மண்மேட்டில் முதல் ஆளாக நிற்பவர் அவர். செவர்லே வண்டியில் வந்து பெண் கேட்ட காரணத்தால் ஒரு நல்ல சம்பந்தத்தைத் தட்டிக் கழித்தவர் என்று அவரைப் பற்றி ஊரில் பேச்சு உண்டு. அவர் அதை மறுத்ததில்லை.

அவருடைய ஒரே மகள் நில்டா, நகராட்சியின் குடிநீர் அலுவலகத்தில் நிரந்தரப் பணியாளர். முப்பத்தாறு வயது. காலையில் கட்டண மேசையில் அமர்ந்து ரசீது கொடுப்பாள். மாலையில் வீட்டின் பின்கட்டுக் கொட்டகையில் இன்ஜின் பிரிப்பாள். இந்த இரண்டாவது வேலையை அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. இளம்பெண்ணாக இருக்கையில் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு செத்துப்போன ஃபோர்டு ஃபால்கன் இன்ஜினை எடைக்கு வாங்கிவந்து, பழுதுபார்க்கும் கையேட்டைப் பக்கத்தில் விரித்துவைத்து, பிரித்துப் பிரித்து மாட்டினாள். மாட்டிய பிறகு மேசையில் ஏதாவது மிஞ்சினால் மறுபடி பிரித்தாள். ஒன்றும் மிஞ்சாமல் அது உறுமிய நாளில் தெருவே வந்து பார்த்தது. அந்த இன்ஜினுக்காக வாங்கிய முதல் திருகாணியின் ரசீது முதற்கொண்டு எல்லாத் தாள்களும் ஆண்டுவாரியாகக் கோப்புகளில் அவளிடம் இருக்கின்றன.

அத்தனை தாள்கள் இருந்தும் அவளுக்கு நியாயம் கிடைக்காத ஒரு விவகாரம் உண்டு. பஸான் என்பவரின் ஃபோர்டு பட்டறைக்காக மூன்று பருவங்கள் அவள் பந்தய இன்ஜின் தயாரித்துக் கொடுத்தாள். வட்டாரப் பந்தயங்களில் இன்ஜின் தயாரித்தவரின் பெயரைக் காரின் பக்கவாட்டில், முன்சக்கரத்துக்குப் பின்னால் எழுதுவது வழக்கம். ஓட்டுநரின் பெயருக்கு அடுத்த மரியாதை அந்தப் பெயருக்குத்தான். அந்த மூன்று பருவங்களும் அங்கே ‘பஸான்’ என்றே இருந்தது. கார் வென்றால் பஸானின் கைவண்ணம், இன்ஜின் பாதியில் நின்றால், “நீராபீஸ் பொண்ணு கைவெச்ச இன்ஜின்ப்பா, வேற எப்படி இருக்கும்?” என்பார்கள். நில்டா கோப்புகளோடு பந்தயச் சங்கத்துக்குப் போனாள். அங்கிருந்த செயலாளர் ஒவ்வொரு தாளையும் மரியாதையாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பதிவேட்டில் பட்டறையின் பெயர்தான் இருக்கிறது, ஆகவே செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, அதே மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவள் வெளியாருக்கு இன்ஜின் செய்வதை நிறுத்திக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் லிசாந்த்ரோ கோர்வலான் ஒரு செவ்வாய்க்கிழமை குடிநீர் அலுவலகத்துக்கு வந்து, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கட்டண மேசையின் மேல் கைகளை ஊன்றினார். பக்கத்து ஊர்க்காரர், சொந்தமாகப் பந்தய அணி வைத்திருப்பவர். மூன்று தலைமுறைச் செவர்லே.

“தண்ணி பில்லு கட்ட வரல. உன்ன கூப்பிட வந்தேன்,” என்றார்.

“எங்க?”

“என் டென்ட்டுக்கு. இன்ஜின் முழுக்க உன் பொறுப்பு. முழு நேர வேலை.”

நில்டா பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தாள். வரிசை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

“எங்க வீடு என்ன வீடுன்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?”

“ஊருக்கே தெரியும். நீ பஸான்கிட்ட இருந்தவரைக்கும் என் கார் அவன் பின்னாடி வந்துச்சு. நீ விட்ட நாள்லேர்ந்து அவன் கார் என் பின்னாடி வருது. எனக்கு இதுக்கு மேல என்ன கணக்கு வேணும்?”

“காருல யார் பேரு இருக்கும்?”

“செஞ்சவங்க பேரு. வேற யார் பேரு?”

வரிசையில் மூன்றாவதாக நின்ற கிழவர், “அம்மா, கல்யாணப் பேச்ச அப்பறம் முடிச்சுக்கோ, எனக்கு பஸ் இருக்கு,” என்றார். கோர்வலான் சிரித்து ஒதுங்கிக்கொண்டார். போகும்போது ஏற்பாட்டைச் சொன்னார்: முதலில் மூன்று பந்தயங்கள், வார இறுதிகளில் மட்டும், இரு தரப்பும் பழகிப் பார்ப்பது. பிறகு அவள் முடிவு சொல்ல வேண்டும்.

அன்றிரவு கணவன் வால்டரிடம் சொன்னாள். வால்டர் தொடக்கப் பள்ளி ஆசிரியன், கால்பந்துக்காரன், கார் என்பது ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் போவதற்கானது என்ற கருத்துடையவன். எச்செகோயென் வீட்டில் அவனை மாப்பிள்ளையாக ஏற்றதற்கு அவனிடம் கார் இல்லாததும் ஒரு காரணம்.

“நகராட்சி வேலைய விட்டா திரும்பக் கிடைக்குமா?” என்று அவன் கேட்டான்.

“கிடைக்காது. நிரந்தரமாக்கவே பதினோரு வருஷம் இழுத்தாங்க.”

“அங்க போய் ஒரு வருஷத்துல உனக்கே இது வெறுத்துப் போச்சுன்னா? இப்ப சாயங்காலம் கொட்டாய்க்குள்ள போனா பாட்டுப் பாடிட்டே வர்ற. நாளைக்கு அதுவும் ஆபீஸ் ஆயிடுச்சுன்னா எங்க போய்ப் பாடுவ?”

முடிவு செய்யவேண்டியது அதைத்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆசைப்பட்டுச் செய்கிற ஒன்றை, ஆசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்தே தீரவேண்டியதாக மாற்றிக்கொள்ளலாமா என்பதுதான் விஷயம்.

அன்செல்மோ இவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தணலில் இறைச்சியைப் போட்டுவிட்டு, இடுக்கியை மகளின் முகத்துக்கு நேரே நீட்டிப் பேசினார்.

“அடி ஒல்லி, உனக்கு ரொட்டிக் கடை போரடிச்சுதா, சரின்னேன். சர்ச்சுக்கு வரமாட்டேன்ன, சரின்னேன். இந்தப் பள்ளிக்கூட வாத்தியாரக் கட்டிக்கிட்ட, அதுக்கும் சரின்னேன்.”

“நான் இங்கதான் இருக்கேன் மாமா,” என்றான் வால்டர்.

“தெரியும், அதனாலதான் சத்தமா சொல்றேன். ஆனா செவர்லே? அந்த இன்ஜின் ஓட ஓட நம்ம வண்டி தோக்கும்ல? உன் கையாலயே நம்மள தோக்கடிப்பியா?”

“மூணு பந்தயம்தான் அப்பா. பாக்கத்தான் போறேன்.”

“பேய் வீட்டக்கூட எல்லாரும் சும்மா பாக்கத்தான் போறாங்க.”

முதல் இரண்டு பந்தயங்கள் அமைதியாகக் கழிந்தன. கூடாரத்து ஆட்கள் அவளுக்கு ‘முனிசிபாலிட்டி’ என்று பெயர் வைத்தார்கள். “ஏ முனிசிபாலிட்டி, டோக்கன் போட்டாதான் ஸ்பானர் தருவியா?” என்று கேட்பார்கள். அவளும் பதிலுக்கு, “பழைய பாக்கி கட்டினாத்தான்,” என்பாள். ஸ்பானர்களை அளவு வரிசையில் அடுக்கினாள். காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அழுத்தத்தையும் மணிக்கொரு முறை குறித்து, அதற்கேற்ப கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் அளவைக் கட்டுப்படுத்தும் ஜெட்டுகளை மாற்றினாள். ஓட்டுநர் ஃபித்தோ பஸுவால்தோ முதல் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தான், அடுத்ததில் மூன்றாவதாக. காரின் பக்கவாட்டில் ‘எச்செகோயென்’ என்ற பெயர் தற்காலிகமாக ஒட்டுத்தாளில் இருந்தது. அதைக் கடக்கும்போது அவள் நேராகப் பார்ப்பதில்லை; ஆனால் பார்க்காமல் கடந்ததும் இல்லை. அந்த இரண்டு பந்தயங்களிலும் ஃபோர்டுகள் வெகு பின்னால் கிடந்தன என்பதை மட்டும் இங்கே குறிப்பிடவேண்டும். அவள் மனம் சோதிக்கப்படவில்லை.

மூன்றாவது பந்தயம் சான் எலாதியோவிலேயே நடந்தது. காலையில் புழுக்கம். சட்டை முதுகில் ஒட்டியது. நில்டா அதற்குத் தக்கபடி ஜெட்டுகளைப் போட்டு, சோதனை ஓட்டத்தில் ஃபித்தோவை முதலிடத்தில் நிறுத்தினாள். மதியச் சாப்பாட்டு வேளையில் தெற்கே வானம் கறுத்தது. பத்து நிமிடத்தில் பாம்பேரோ என்ற தென்காற்று புகுந்து, கூடாரத் துணிகளைப் பிய்த்து, புழுக்கத்தைத் துடைத்துக்கொண்டு போயிற்று. குளிர்ந்த, உலர்ந்த, அடர்ந்த காற்று. அதே ஜெட்டில் இன்ஜினுக்குக் காற்று கூடிப்போகும், பெட்ரோல் போதாது. இது அவளுக்குத் தெரியும். இதற்கான பெரிய ஜெட்டுகள் மேசையில் பெயரெழுதிய சிறு டப்பாவில் இருந்தன. மாற்றுவதற்கு நேரமும் இருந்தது.

அந்த நேரத்தில் இரண்டு கூடாரம் தள்ளி லரால்தேயின் ஃபோர்டை முடுக்கினார்கள். பள்ளி நாட்களிலிருந்து அவள் மண்மேட்டில் நின்று பார்த்துவந்த அணி அது. அந்த ஆறு சிலிண்டர் ஃபால்கன் இன்ஜின், தாழ்ந்த சுதியில் தொடங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு மேலேறும். நில்டா வேலி வரை நடந்துபோய், கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மூன்றாவது சிலிண்டரின் வால்வு இடைவெளி ஒரு மயிரிழை கூடுதல் என்று தோன்றியது, அதைக்கூட ரசித்தாள். திரும்பியபோது கார்களை வரிசைக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

பந்தயம் முழுவதும் ஃபித்தோ முன்னால் போனான். லரால்தேயின் ஃபோர்டு அவன் பின்புறத்தை விடாமல் முகர்ந்துகொண்டே வந்தது. கடைசிச் சுற்றில், கீழ்வளைவை விட்டு வெளியே வரும் இடத்தில், செவர்லே ஒரு கணம் மூச்சுத் திணறியது. ஃபோர்டு வெளிப்பக்கமாக ஏறி, பக்கத்தோடு பக்கம் ஓடி, தாண்டியது.

“போடு! போடு லரால்தே! வாடா என் சிங்கமே!”

கோர்வலானின் செவர்லே கூடாரத்துக்குள், செவர்லே சட்டை அணிந்து, இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்திக் குதித்துக்கொண்டிருந்தது நில்டாதான். காதொலிக் கருவி கழன்று தரையில் கிடந்தது. அவள் கைகளைக் கீழே இறக்கும்போதுதான் தன்னைச் சுற்றி எவரும் அசையவில்லை என்பதைப் பார்த்தாள். டயர் மாற்றுபவன் டயரைப் பிடித்தபடி வாய்பிளந்து நின்றான். உள்ளூர்த் தொலைக்காட்சியின் படக்கருவி ஒன்று கூடாரத்தின் வாசலில் இருந்தது. அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

முதலில் சிரித்தது கோர்வலான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கிச் சிரித்தார். அதற்குப் பிறகு மற்றவர்களும். இரண்டாவதாக வந்து காரை நிறுத்திய ஃபித்தோ தலைக்கவசத்தைக் கழற்றியபடி, “என்னப்பா, நம்ம டென்ட்டுலேர்ந்து எவனோ அந்தாளுக்குக் கத்துனானாமே?” என்றான்.

“எவனோ இல்ல. முனிசிபாலிட்டி,” என்றான் டயர்காரன். “தண்ணி கனெக்ஷன் அந்தப் பக்கம் குடுத்துட்டா.”

நில்டா பானட்டைத் திறந்து, சூடு ஆறும் முன்பே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துணியில் வரிசையாக வைத்தாள். பழுப்பாக இருக்கவேண்டிய பீங்கான் முனைகள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. பெட்ரோல் போதாமல் எரிந்திருக்கிறது. ஜெட்டை மாற்றியிருந்தால் அந்த வளைவில் இன்ஜின் திணறியிருக்காது, ஃபோர்டு தாண்டியிருக்காது.

அவள் கத்தியதை ஊரே பார்த்தது. அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதை எவரும் பார்க்கவில்லை. பெட்ரோல் பம்ப் மீது பழியைப் போட்டிருந்தால் எவரும் மறுத்திருக்க மாட்டார்கள்; பஸான் பட்டறையில் அப்படித்தான் நடக்கும். துணியோடு பிளக்குகளை எடுத்துக்கொண்டு கோர்வலானிடம் போனாள்.

“காத்து மாறினப்ப ஜெட்ட மாத்தல. நேரம் இருந்துச்சு. நான் வேலிகிட்ட நின்னு லரால்தே வண்டிச் சத்தத்தக் கேட்டுக்கிட்டிருந்தேன்.”

கோர்வலானின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. ஒரு பிளக்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“கத்துனத விடு. என் பொண்டாட்டியே ஃபோர்டு, கல்யாணத்தன்னைக்கே கத்துனவ. வருஷக்கணக்கா கேட்டுட்டுத்தான் இருக்கேன். ஆனா இது வேற.” பிளக்கைத் துணியில் திரும்ப வைத்தார். “நான் பந்தயம் பாத்துப் பல வருஷம் ஆச்சு தெரியுமா? டயரப் பாப்பேன், கடிகாரத்தப் பாப்பேன், வானத்தப் பாப்பேன். யாரு யார முந்துனாங்கன்னு அப்பறம் யாராவது சொல்லுவாங்க. உன்னால அப்படி நிக்க முடியுமான்னு நீதான் சொல்லணும். நான் கூப்பிட்டது கூப்பிட்டதுதான். வியாழக்கிழமைக்குள்ள சொல்லு.”

வீட்டுக்கு வந்தபோது வாசலில் கூட்டம். தொலைக்காட்சியில் அவள் குதிக்கும் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டார் இனிப்பு ரொட்டித் தட்டோடு வந்திருந்தார்கள். அன்செல்மோ ஒவ்வொருவருக்கும் மாத்தே தேநீர் ஊற்றிக் கொடுத்தபடி, “பாத்தீங்களா? செவர்லே வயித்துக்குள்ள உக்காந்துக்கிட்டு ஃபோர்டுக்குக் கத்துறா! ரத்தம்யா அது, ரத்தம்!” என்று ஆனந்தப்பட்டார். மகளைக் கண்டதும் கட்டிக்கொண்டார். “முடிஞ்சுது பார். உனக்கு அந்தப் பொழப்பு ஒத்துவராதுன்னு உன் வாயே சொல்லிடுச்சு.”

எல்லாரும் அவளை வாழ்த்தினார்கள். முன்னால் போன கார் ஏன் பின்தங்கியது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நில்டாவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் அவளுக்கே வியப்பாக இருந்தது. நேற்றுவரை அவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அவளும் கேட்டிருக்க மாட்டாள். தொலைக்காட்சியில் ஃபோர்டு மறுபடியும் தாண்டியது. கூட்டம் மறுபடியும் கத்தியது. அவள் காதுக்குக் கேட்டது, அதற்கு ஒரு நொடி முன்னால் தன் இன்ஜின் திணறிய ஓசை மட்டுமே. அடுத்த முறை காட்டியபோதும் அதேதான். வேண்டுமென்றே ஃபோர்டின் ஒலியைக் கேட்க முயன்று பார்த்தாள்; முடியவில்லை.

அவள் கொட்டகைக்குப் போனாள். வால்டர் பின்னாலேயே வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டியில் உட்கார்ந்தான். அவள் வெளுத்த பிளக்குகளை மேசையில் வைத்து, காற்று அடர்ந்தால் என்ன ஆகும், எந்த ஜெட் எவ்வளவு, எந்த வளைவில் எவ்வளவு சுழற்சி குறையும் என்று சொல்லத் தொடங்கினாள். வால்டருக்கு அதில் பாதிக்குமேல் புரியவில்லை. இடையில் நிறுத்தாமல் கேட்டான்.

“கோவமா இருக்கியா, சந்தோஷமா இருக்கியா?” என்று கடைசியில் கேட்டான்.

“ஏன்?”

“ரெண்டுல எதுன்னு தெரியாமத்தான் கேக்கறேன். முகம் ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு சொல்லுது.”

அவள் தன் கைகளைப் பார்த்தாள். பேசிக்கொண்டே கார்புரேட்டரைப் பிரித்து முடித்திருந்தாள்.

“இனிமே மண்மேட்டுல நின்னு கத்த முடியாது வால்டர்,” என்றாள். “அது போயிடும்.”

“போனா பரவாயில்லையா?”

“பரவாயில்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா இத இப்படியே விட்டுட்டு திங்கக்கிழமை ரசீது கிழிக்க என்னால முடியாது. அந்த வளைவுல என் இன்ஜின் ஏன் திணறுச்சுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். சரி பண்ண வேண்டியவளும் நான்தான்.”

“அப்ப முடிவு பண்ணிட்ட.”

“ஆமா.”

“அது சரிவரலன்னாலும் என் சம்பளத்துல ஒரு வருஷம் ஓட்டலாம்,” என்றான் வால்டர். “அதுக்கு மேல பாட்டுப் பாடிக்கிட்டுத்தான் ஓட்டணும்.”

புதன்கிழமை, கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாக, அவள் கோர்வலானின் பட்டறைக்குப் போனாள். தட்டச்சு செய்த ஒப்பந்தம் இரண்டு பிரதிகள் கையில் இருந்தன. அவர் அதை அழுக்கான பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“எங்க ஊர்ல வாய் வார்த்தை போதும்.”

“எனக்கும் ஒரு காலத்துல போதும்னுதான் இருந்துச்சு.”

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்து, முழுவதையும் படித்தார். காரில் அவள் பெயர் எழுதப்படவேண்டும் என்பதோடு, இன்ஜின் கோளாறால் கார் நின்றால் அணியின் அறிவிப்பிலும் அவள் பெயரையே சொல்லவேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியில் விரலை வைத்தார்.

“இத யாரும் கேட்டு வாங்க மாட்டாங்களே?”

“ரெண்டும் என் பேர்லதான் இருக்கணும். ஒண்ண மட்டும் எடுத்துக்கிட்டா, நானும் பஸான்தான்.”

கோர்வலான் காரின் பானட்டின் மேல் தாள்களை வைத்துக் கையெழுத்திட்டார். அவள் தன் பிரதியை உறையில் போட்டுக்கொண்டு, நகராட்சிக்குப் போய் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாள்.

அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். சுற்றி வளைக்காமல், தணலருகே அவருக்குப் பக்கத்தில் நின்று, இரண்டே வாக்கியங்களில் சொன்னாள். அன்செல்மோ இடுக்கியை ஆட்டவில்லை, கத்தவும் இல்லை. கரியைக் கிளறி, ஒரு பக்கமாக ஒதுக்கி, மீண்டும் பரப்பினார்.

“டிவியில குதிச்சது நீதானே?”

“நான்தான்.”

“அது பொய்யா?”

“பொய் இல்ல அப்பா. அது கடைசி.”

அவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். அது சம்மதம் அல்ல. கேட்டுக்கொண்டேன் என்பதற்கான ஆட்டம்.

“நான் மேட்டுலதான் நிப்பேன்,” என்றார்.

“நில்லுங்க.”

“உன் வண்டி நிக்கணும்னு கத்துவேன். புகை வரணும்னு கத்துவேன்.”

“கத்துங்க. எனக்குக் கேக்காது.”

“கேக்கற மாதிரி கத்துவேன்.”

இறைச்சி வெந்ததும் மேசைக்குக் கொண்டுவந்தார். எப்போதும் நில்டாவுக்கென்று எடுத்துவைக்கும், எலும்போடு ஒட்டி நன்றாக முறுகிய விலாத் துண்டு ஒன்று இருந்தது. அதை இடுக்கியால் தூக்கி, ஒரு கணம் காற்றில் பிடித்திருந்து, மருமகனின் தட்டில் வைத்தார். வால்டர் மனைவியைப் பார்த்தான்.

“சாப்பிடு வாத்தியாரே,” என்றார் அன்செல்மோ. “இந்த வீட்ல இப்ப காரே இல்லாதவன்தான் நம்ம ஆளு.”

நில்டா ரொட்டியைப் பிய்த்து வைத்துவிட்டு, எழுந்து தணலுக்குப் போய், அங்கே மீந்திருந்ததில் தனக்கு வேண்டிய துண்டைத் தானே எடுத்துக்கொண்டாள்.